மின்சார ஷவர் வாங்கும் முன்: ஒரு வாளி, ஒரு தெர்மாமீட்டர், உங்கள் டிபி பாக்ஸ்

கடையில் வரிசையாக மாட்டியிருக்கும் மின்சார ஷவர்களைப் பார்த்தால் எல்லாம் ஒரே ஜாடையில்தான் இருக்கும். வெள்ளை பிளாஸ்டிக் பெட்டி, நடுவில் ஒரு திருகு, பக்கத்தில் தொங்கும் கைஷவர். எது நல்லது என்று விற்பவரைக் கேட்டால், எது அதிகம் விற்கிறது என்ற பதில்தான் வரும். என் முதல் ஷவரை நானும் அப்படித்தான் வாங்கினேன். ஓராண்டுக்குள் குளியலறையில் கருகல் வாடை. மூடியைக் கழற்றிப் பார்த்தபோது ஹீட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒயர் வந்து சேரும் டெர்மினல் பிளாக்தான் பழுப்பேறி உருகியிருந்தது, ஒயரின் உறை ஒரு விரல்கடை நீளத்துக்குக் கருகிச் சுருங்கியிருந்தது. ஷவருக்குத் தேவையான ஒயரை விட மெல்லிய ஒயர், சரியாக முறுக்காத ஒரு ஸ்க்ரூ. காரணம் அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு இதையே திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். மின்சார ஷவர் நம்பகமாக ஓடுவது பாதிதான் பெட்டிக்குள் இருக்கிறது. மீதிப் பாதி உங்கள் வீட்டுத் தண்ணீரிலும் ஒயரிலும் எர்த்திலும் இருக்கிறது. அதனால் கடைக்குப் போவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வீட்டில் அளக்க வேண்டியதை அளந்துவிடுவோம்.

முதலில், இது என்ன செய்கிறது

கீசர் ஒரு தொட்டித் தண்ணீரைச் சூடாக்கி வைத்திருக்கும். மின்சார ஷவரில் சேமிப்புத் தொட்டி கிடையாது. குழாயிலிருந்து வரும் பச்சைத் தண்ணீர் ஒரு சின்ன உருளை வழியாக ஓடும்போதே எலிமென்ட் என்ற சூடேற்றும் கம்பி அதைச் சூடாக்கி அனுப்பிவிடும். காத்திருக்க வேண்டாம், சூடு தீர்ந்துபோகும் என்ற பேச்சும் இல்லை. ஆனால் தண்ணீர் உருளைக்குள் இருப்பது சில நொடிகள்தான். அந்தச் சில நொடியில் சூடேற்ற வேண்டும் என்றால் நிறைய மின்சாரம் வேண்டும். 25 லிட்டர் கீசர் 2 கிலோவாட்டில் நிதானமாகச் செய்வதை இது 5, 8, சில நேரம் 10 கிலோவாட் இழுத்துச் செய்கிறது. இனி சொல்லப்போகும் எல்லாச் சிக்கலும் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வருகின்றன.

வாளியும் தெர்மாமீட்டரும்

ஷவர் வரப்போகும் குழாயில் 10 லிட்டர் வாளியை வைத்து, திருகை முழுதாகத் திறந்து, நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். 60 நொடி என்றால் நிமிடத்துக்கு 10 லிட்டர். 120 நொடி என்றால் 5 லிட்டர். வீட்டில் எல்லோரும் தண்ணீர் புழங்கும் காலை நேரத்தில் ஒருமுறை, ஆளரவமில்லாத மதியத்தில் ஒருமுறை அளப்பது நல்லது. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் அதையும் எழுதி வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்து, அந்த வாளித் தண்ணீரின் வெப்பநிலை. ஆண்டிலேயே குளிர் அதிகமான நாட்களில், விடியற்காலையில் அளந்த எண்தான் கணக்குக்கு உதவும். கோடை மதியத்தில் அளந்துவிட்டு ஷவர் வாங்கினால், குளிர்காலத்தில் வெதுவெதுப்பைத் தாண்டாது.

இப்போது கணக்கு. ஒரு நிமிடத்துக்கு 1 லிட்டர் வீதம் ஓடும் தண்ணீரை 1 டிகிரி செல்சியஸ் கூட்ட ஏறத்தாழ 70 வாட் வேண்டும். இந்த ஒரு எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். பெரும்பாலோருக்கு இதமான குளியல் சூடு 38 முதல் 41 டிகிரி வரை. உங்கள் தண்ணீர் 25 டிகிரியில் வருகிறது, 40 வேண்டும் என்றால் 15 டிகிரி கூட்ட வேண்டும். 15 பெருக்கல் 70, லிட்டருக்கு 1,050 வாட். நிமிடத்துக்கு 5 லிட்டர் கொட்ட வேண்டுமானால் 5.25 கிலோவாட். ஆக 5.5 கிலோவாட் ஷவர் போதும்.

அதே குளியல், ஆனால் தண்ணீர் 12 டிகிரியில் வரும் குளிர்ப் பிரதேசம் என்றால்? 28 டிகிரி கூட்ட வேண்டும். லிட்டருக்கு 1,960 வாட், 5 லிட்டருக்கு 9.8 கிலோவாட். அங்கே 5.5 கிலோவாட் ஷவரை மாட்டினால் 40 டிகிரியில் நிமிடத்துக்கு 3 லிட்டர்கூடத் தேறாது. இரண்டு இடத்துக்கும் ஒரே ஷவர் எப்படிச் சரிப்படும்?

3 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஹீட்டரை ஷவருக்கு வைக்கலாமா என்று பலர் கேட்பார்கள். 15 டிகிரி மட்டும் கூட்ட வேண்டிய இடத்திலேயே அது நிமிடத்துக்கு 2.9 லிட்டர்தான் தரும். கைகழுவவும் பாத்திரம் துலக்கவும் அது தாராளம். தலைக்குக் குளிக்க அந்த ஓட்டம் போதாது, ஷாம்பூ நுரை போவதற்குள் பொறுமை போய்விடும். என் அனுபவத்தில் 5 லிட்டருக்குக் கீழே இறங்கினால் ஷவர் என்ற சுகம் இல்லை.

இன்னொரு நுணுக்கம். பெட்டியில் அச்சிட்டிருக்கும் கிலோவாட் எந்த வோல்ட்டில் என்று பாருங்கள். 240 வோல்ட்டில் 8.5 கிலோவாட் என்று போட்டிருந்தால் 230 வோல்ட்டில் அது 7.8தான். உங்கள் பகுதியில் மாலையில் வோல்டேஜ் 200க்கு இறங்கும் என்றால், 230க்கு எழுதிய திறனில் முக்கால் பங்குதான் கிடைக்கும். வோல்டேஜ் தொய்வு உள்ள இடத்தில் கணக்கில் வந்ததை விட ஒரு படி மேலான மாடலை எடுப்பது நியாயம், ஒயர் அதற்கு இடம் கொடுத்தால்.

தண்ணீர் எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது

மாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் வருகிறது என்றால், தொட்டியின் நீர்மட்டத்துக்கும் ஷவர் ஹெட்டுக்கும் இடையே உள்ள உயரத்தை மீட்டரில் அளந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு மீட்டருக்கும் சுமார் 0.1 பார் அழுத்தம். இரண்டரை மீட்டர் என்றால் 0.25 பார். ஷவரின் கையேட்டில் குறைந்தபட்ச அழுத்தம் என்று ஒரு எண் இருக்கும். 0.03 மெகாபாஸ்கல் என்றோ 30 கிலோபாஸ்கல் என்றோ எழுதியிருந்தால் மிரள வேண்டாம், இரண்டும் 0.3 பார், அதாவது 3 மீட்டர் உயரம். உங்கள் எண் அதற்குக் கீழே இருந்தால் ஷவருக்குள் இருக்கும் ஃப்ளோ சுவிட்ச் வேலை செய்யாது. போதிய ஓட்டம் இல்லாமல் எலிமென்ட் சூடேறக் கூடாது என்பதற்காகவே வைத்த சுவிட்ச் அது. தண்ணீர் சொட்டும், விளக்கு எரியும், சூடு மட்டும் வராது. கம்ப்ளெய்ன்ட் கொடுத்து ஆள் வந்து பார்த்தால் மெஷின் நன்றாகத்தான் இருக்கும்.

மேல்மாடிக் குளியலறைக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம், தொட்டி தலைக்கு மேலேயே இருப்பதால். அங்கே பம்ப் உள்ளடங்கிய மாடல் கைகொடுக்கும். கொஞ்சம் இரையும், பழுதாக ஒரு பாகம் கூடுதல், ஆனாலும் வேறு வழி தொட்டியை உயர்த்துவதுதான். தெருக் குழாயிலிருந்து நேரடியாக வரும் லைனில் மட்டும் பம்ப் மாடலை மாட்டும் முன் விசாரியுங்கள். பொதுக் குழாயிலிருந்து பம்ப் வைத்து உறிஞ்சுவதற்குப் பல ஊர்களில் அனுமதி இல்லை.

காலைக்கும் மதியத்துக்கும் வாளி நிரம்பும் நேரம் வெகுவாக மாறியதா? அப்படியானால் சூட்டைத் தானே சீராக்கும் எலக்ட்ரானிக் அல்லது தெர்மோஸ்டாட் மாடலைப் பாருங்கள். சாதாரண ஷவர் ஒரே அளவு மின்சாரத்தைத்தான் கொடுத்துக்கொண்டிருக்கும். நீங்கள் குளிக்கும்போது சமையலறையில் யாராவது குழாயைத் திறந்தால் ஓட்டம் குறையும், அதே மின்சாரம் குறைவான தண்ணீரில் இறங்கும், தலையில் விழும் தண்ணீர் சட்டென்று கொதிக்கும். 60 டிகிரித் தண்ணீர் சுமார் ஐந்தே நொடியில் தோலைப் பொசுக்கிவிடும், குழந்தைகளின் தோலுக்கு அதைவிடக் குறைந்த நேரம் போதும். சிறு பிள்ளைகளோ முதியவர்களோ இருக்கும் வீட்டில் இந்த வசதிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தைச் செலவாக நான் நினைக்கவே மாட்டேன்.

ஒயர் தாங்குமா

இது எலக்ட்ரீஷியன் வேலை. ஆனால் அவர் சொல்வது புரிய வேண்டுமே, அதற்காகவாவது தெரிந்துகொள்ளுங்கள். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 230 வோல்ட்டில் 5.5 கிலோவாட் என்றால் 24 ஆம்பியர், 7.5 என்றால் 33, 8.5 என்றால் 37. 120 வோல்ட் வரும் நாடுகளில் அதே வாட்டுக்கு ஆம்பியர் ஏறத்தாழ இரட்டிப்பு.

அயர்ன் பாக்ஸ், மிக்ஸி செருகும் சாக்கெட் எதுவும் இதைத் தாங்காது. 3 கிலோவாட் வரை 16 ஆம்பியர் பவர் சாக்கெட்டில் ஓட்டலாம். அதற்கு மேல் பிளக் என்ற பேச்சே வேண்டாம். வீட்டு மின்சாரம் பிரிந்து போகும் பெட்டியான டிபி பாக்ஸிலிருந்து ஷவருக்கென்றே தனி லைன் இழுத்து நேரடியாக இணைக்க வேண்டும், வழியில் வேறு எதற்கும் கிளை எடுக்கக் கூடாது. செம்பு ஒயரில் பொதுவாக 5.5 கிலோவாட்டுக்கு 4 சதுர மில்லிமீட்டர், 7.5க்கு 6, 8.5க்கும் அதற்கு மேலேயும் 10. தூரம் அதிகமென்றாலோ, ஒயர் சுவருக்குள் பைப்பில் மற்ற ஒயர்களோடு நெருக்கமாகப் போனாலோ ஒரு அளவு கூட்டச் சொல்வார். கூட்டட்டும்.

மின்சாரம் அளவு மீறினால் தானே விழுந்து துண்டிக்கும் சுவிட்சான எம்சிபி, இரண்டுக்கும் நடுவே உட்கார வேண்டும். ஷவர் இழுக்கும் ஆம்பியரை விடப் பெரியது, ஒயர் தாங்கும் ஆம்பியரை விடச் சிறியது. ட்ரிப் ஆகிக்கொண்டே இருக்கிறதென்று ஒயரை மாற்றாமல் எம்சிபியை மட்டும் பெரிதாக மாற்றச் சொன்னால் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். அப்புறம் உருகுவதற்கு மிஞ்சியிருப்பது சுவருக்குள் இருக்கும் ஒயர்தான்.

மீட்டர் பக்கமும் ஒரு பார்வை. மெயின் 40 ஆம்பியர் மட்டுமே உள்ள வீட்டில் 37 ஆம்பியர் ஷவர் ஓடும்போது, இன்னொரு பக்கம் ஏசியும் அடுப்பும் ஓட முடியாது. லோடு கூட்ட விண்ணப்பிக்க வேண்டியிருக்கும், அல்லது சிறிய ஷவரோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கும். இரண்டு குளியலறையிலும் மாட்டுவதாக இருந்தால் இதைக் கட்டாயம் கேளுங்கள். வீட்டு இன்வெர்ட்டர் லைனில் ஷவரைச் சேர்க்கவே கூடாது.

வாடகை வீடு, பழைய வயரிங், சுவரை உடைக்க முடியாது என்றால் மனதைத் தேற்றிக்கொண்டு 15 அல்லது 25 லிட்டர் கீசர் வாங்குங்கள். 2 கிலோவாட்தான், இருக்கிற பவர் பாயின்ட்டே போதும். ஒயர் தாங்காத வீட்டில் நல்ல கீசரே நல்ல ஷவர்.

எர்த், ஆர்சிசிபி

இந்தப் பகுதியை வேகமாகப் படித்துவிட்டுப் போகாதீர்கள். வெறுங்காலோடு, உடம்பெல்லாம் ஈரத்தோடு, மின்சாரத்தைத் தொட்டுக்கொண்டு வரும் தண்ணீருக்கடியில் நிற்கப்போகிறோம்.

எம்சிபி ஒயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. 32 ஆம்பியர் எம்சிபி விழ 32 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். ஒரு மனிதரின் இதயத்தைக் குலைக்க அதில் ஆயிரத்தில் சில பங்கு போதும். ஆளைக் காப்பது ஆர்சிசிபி. ஃபேஸில் போன மின்சாரம் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வழியில் எங்கோ கசிந்துவிட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். ஷவர் லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் மாட்ட வேண்டாம். 100 மில்லி ஆம்பியர் மாடல்கள் தீ விபத்தைத் தடுக்க உதவும், ஆளுக்கு அது போதாது. சில ஷவர்களில் இதே வசதி உள்ளேயே இருக்கும். நல்லதுதான். ஆனால் ஷவருக்கு வரும் வழியில் ஒயரில் ஏற்படும் கசிவை அது பார்க்காது, ஆகவே டிபி பாக்ஸிலும் ஒன்று வேண்டும்.

ஆர்சிசிபியில் உள்ள டெஸ்ட் பட்டனை அழுத்தினால் அது விழுகிறது, ஆகவே எர்த் நன்றாக இருக்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தப் பட்டன் ஆர்சிசிபி வேலை செய்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். எர்த்தே இல்லாத வீட்டிலும் அது விழும். எர்த்தைத் தனியாகச் சோதிக்க வேண்டும். மல்டிமீட்டரில் ஃபேஸ்–நியூட்ரல், ஃபேஸ்–எர்த் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வோல்ட் காட்டினால் எர்த் ஒயர் எங்கோ இணைந்திருக்கிறது என்று தெரியும், அவ்வளவே. ஒரே ஒரு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் மீட்டர் அதே எண்ணைக் காட்டிவிடும். கசிவு மின்சாரத்தை அந்த எர்த் தாங்குமா என்று அறிய எர்த் லூப் டெஸ்டர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

எலிமென்ட் இரண்டு விதம். உலோகக் குழாய்க்குள் அடைத்தது ஒன்று. தண்ணீரிலேயே மூழ்கிக் கிடக்கும் வெறும் காயில் இன்னொன்று. வெறும் காயில் உள்ளது விலை குறைவு, சீக்கிரம் சூடேறும், உப்பும் அவ்வளவாகப் படியாது. ஆனால் அதில் மின்சாரம் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. உப்பு அதிகமான தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், கசிவு கூடும், ஆர்சிசிபி அடிக்கடி விழும். அப்படி விழுகிறதென்று எர்த் ஒயரையோ ஆர்சிசிபியையோ கழற்றிவிட்டுக் குளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். போர் தண்ணீர் புழங்கும் வீட்டுக்கு உறையிட்ட எலிமென்ட்தான் என் தேர்வு. உப்புப் படியும், உண்மை. படிந்த எலிமென்ட்டை மாற்றிக்கொள்ளலாம்.

இப்போது கடைக்கு

கையில் நான்கு எண்கள் இருக்கும்: தண்ணீரின் ஓட்டம், குளிர்ந்த நாளின் வெப்பநிலை, அழுத்தம், லைன் தாங்கும் ஆம்பியர். கடையில் உள்ளதில் பாதிக்கு மேல் இந்த எண்களிலேயே கழிந்துவிடும். மிச்சமுள்ளதில் அழகைப் பார்க்கும் முன் மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் டிஸ்ப்ளேயில் இருப்பதையாவது காட்டச் சொல்லலாம்.

நான் முதலில் பார்ப்பது டெர்மினல் பிளாக். உங்கள் ஒயரின் தடிமன் அதற்குள் வசதியாக நுழையுமா? 10 சதுர மில்லிமீட்டர் ஒயர் நுழையாத பிளாக்கில் எலக்ட்ரீஷியன் இழைகளை வெட்டி மெலிதாக்கி நுழைப்பார், ஆறு மாதத்தில் அந்த இடம் கருகும். அடுத்து, ஒயர் இழுபடாமல் பிடிக்கும் கிளாம்ப். அப்புறம் மூடியைச் சுற்றி ஓடும் ரப்பர் கேஸ்கெட் முழுசாக இருக்கிறதா, எங்கும் பிதுங்காமல் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ரேட்டிங் பிளேட்டில் வாட், வோல்ட், அழுத்தம் ஆகியவற்றோடு ஐபி என்று தொடங்கும் ஒரு குறி இருக்கும். அதன் இரண்டாவது எண் தண்ணீரைப் பற்றியது. 4 என்றால் எல்லாப் பக்கத்திலிருந்தும் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், 5 என்றால் பீய்ச்சி அடித்தாலும் தாங்கும். 4க்குக் கீழே வேண்டாம், 5 கிடைத்தால் நிம்மதி. உடனடி ஹீட்டர்களுக்கான சர்வதேசப் பாதுகாப்புத் தரம் ஐஇசி 60335-2-35. அதையோ, அதை ஒட்டிய உங்கள் நாட்டுத் தரத்தையோ குறிப்பிடாத பெட்டியை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஃப்ளோ சுவிட்ச் இருக்கிறதா, சூடு அளவு மீறினால் துண்டிக்கும் தெர்மல் கட்-அவுட் இருக்கிறதா, அழுத்தம் ஏறினால் திறந்துகொள்ளும் பாதுகாப்பு வால்வு இருக்கிறதா என்று கேளுங்கள். உத்தரவாதத்தில் எலிமென்ட்டுக்கு எத்தனை ஆண்டு, சர்க்யூட் போர்டுக்கு எத்தனை என்று தனித்தனியாகப் படியுங்கள். எலிமென்ட் உதிரியாகக் கிடைக்காத மாடல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேண்டாம். சோலார் ஹீட்டரோடு இணைக்கப்போகிறீர்கள் என்றால், சூடான தண்ணீரை உள்ளே வாங்கிக்கொள்ளும் என்று கையேட்டில் எழுதியிருக்க வேண்டும். எல்லா மாடலும் வாங்கிக்கொள்ளாது.

தெர்மல் மசாஜ், வண்ண விளக்கு, ஐந்து விதத் தூறல். இவற்றைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

மாட்டும் நாளில்

பக்கத்திலேயே இருங்கள். வேலை முடிந்து போனபின் சுவருக்குள் என்ன இருக்கிறதென்று பார்க்க முடியாது.

இரண்டு கம்பியையும் ஒருசேரத் துண்டிக்கும் டபுள் போல் சுவிட்ச், எரிகிறதா அணைந்ததா என்று காட்டும் விளக்கோடு, குளியலறைக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளேதான் வேண்டும் என்றால் கூரையில் பொருத்தி நூல் இழுக்கும் வகை. பெட்டியை ஷவர் ஹெட் நேராக நனைக்காத பக்கமாக மாட்டச் சொல்லுங்கள். தண்ணீர் வரும் குழாயில் ஷவருக்கென்று தனியாக ஒரு அடைப்பு வால்வு கட்டாயம்.

ஷவரை இணைக்கும் முன் குழாயைத் திறந்து ஒரு வாளித் தண்ணீரை வீணாகப் போகவிடுங்கள். புதுக் குழாய் வேலையின் டெஃப்லான் டேப் துணுக்கும் மணலும் அந்த வாளியில் வந்து கிடப்பதைக் கண்ணாலேயே பார்ப்பீர்கள். இல்லாவிட்டால் அவை போய்ச் சேரும் இடம் ஃப்ளோ சுவிட்ச். பிறகு இணைத்து, மெயினை அணைத்தபடியே, ஷவர் ஹெட்டிலிருந்து காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் சீராக வரும்வரை ஓடவிட வேண்டும். தண்ணீர் நிறையாமல் எலிமென்ட் ஒருமுறை சூடேறினால் அங்கேயே தீய்ந்துவிடும். சொட்டும் இடம் ஏதும் இல்லை என்று உறுதியான பிறகு மின்சாரம்.

முதல் முறை பத்து நிமிடம் முழுச் சூட்டில் ஓடவிட்டு அணைத்து, உலர்ந்த கையால் எம்சிபியின் முகப்பையும் சுவிட்சின் முகப்பையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இயல்பு. கையை இழுத்துக்கொள்ளும் அளவு சுட்டால் எங்கோ ஸ்க்ரூ தளர்வு அல்லது ஒயர் போதவில்லை, அன்றைக்கே சொல்லிச் சரிசெய்ய வேண்டும். ஆர்சிசிபி டெஸ்ட் பட்டனையும் உங்கள் கையாலேயே அழுத்திப் பாருங்கள்.

ஷவர் ஹெட்டிலேயே தண்ணீரை நிறுத்தும் பட்டன் உள்ள கைஷவரைத் தனியாக வாங்கி இதில் மாட்டாதீர்கள். பெரும்பாலான மின்சார ஷவர்கள் வாய் திறந்தே இருக்க வேண்டும் என்று வடிவமைத்தவை. வாயை அடைத்தால் சூடான தண்ணீரும் அழுத்தமும் உள்ளேயே நிற்கும். அணைத்தபின் சில நொடி தண்ணீர் ஓடி நிற்கும் மாடல்கள் அந்தச் சூட்டைத்தான் கழுவி வெளியேற்றுகின்றன, அது பழுது அல்ல.

மாட்டிய பிறகு

ஒரு மாதம் கழித்து எலக்ட்ரீஷியனை மறுபடி கூப்பிட்டு, மெயினை அணைத்து, ஷவரிலும் சுவிட்சிலும் டிபி பாக்ஸிலும் உள்ள ஸ்க்ரூக்களை முறுக்கச் சொல்லுங்கள். செம்பு சூடேறி ஆறும்போது கொஞ்சம் தளரும். என் வீட்டில் இரண்டாவது ஷவரை மாட்டி ஒரு மாதத்தில் நியூட்ரல் ஸ்க்ரூ கால் சுற்று உள்ளே போனது.

ஆர்சிசிபி பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். ஷவர் ஹெட்டின் துளைகளில் வெள்ளைப் பொடி பூத்தால் கழற்றி ஒரு மணி நேரம் வினிகரில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் போதும். அடைத்த ஹெட் ஓட்டத்தைக் குறைக்கும், ஓட்டம் குறைந்தால் சூடு எகிறும். தண்ணீர் நுழையும் இடத்தில் ஒரு சின்ன வலை வடிகட்டி இருக்கும். முன்பு போல் தண்ணீர் வரவில்லை என்று தோன்றினால் சர்வீஸுக்கு ஃபோன் செய்யும் முன், மெயினை அணைத்து, அடைப்பு வால்வை மூடி, அந்த வலையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.